சாயங்காலக் கைகள்

அந்த வீட்டில் நீச்சல் கண்ணாடி ஒன்று. அதை மாட்டிக்கொள்ளும் தலைகள் இரண்டு.

இரண்டு தலைகளும் ஒரே அளவு. அதனால் பட்டையை இறுக்குவது, தளர்த்துவது என்ற வேலையே இல்லை. இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவளை வீட்டில் முந்தி என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வர மனமில்லாதவள்போல வந்து சேர்ந்தவள் பிந்தி. இருவருக்கும் பள்ளியில் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ தப்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

அவர்கள் பள்ளியில் இடம் போதாது. அதனால் காலையில் ஒரு கூட்டம் படிக்கும், மத்தியானம் இன்னொரு கூட்டம் படிக்கும். முதலில் இருவரும் ஒரே வகுப்பில்தான் இருந்தார்கள். ஒருத்தி பேசியதற்கு இன்னொருத்தி பெஞ்சின் மேல் நிற்பது அடிக்கடி நடந்ததால் ஆசிரியை அவர்களைப் பிரித்துவிட்டார். பிந்திக்குக் காலைப் பள்ளி. முந்திக்கு மத்தியானப் பள்ளி.

நீச்சலும் அதன்படியே பிரிந்தது. முந்தி விடியற்காலையில் குளத்துக்குப் போவாள். பிந்தி சாயங்காலம் போவாள். மத்தியானம் ஒருத்தி பள்ளியைவிட்டு வெளியே வரும்போதும் இன்னொருத்தி உள்ளே போகும்போதும் வாசலில் கண்ணாடி கைமாறும்.

"உள்பக்கம் ஆவி படியுது. எச்சில் தொட்டுத் துடைச்சுக்கோ" என்பாள் முந்தி.

"நீ துடைச்சியா?"

"துடைச்சேன்."

"அப்போ சரி. உன் எச்சிலே போதும்."

குளம் நகராட்சியுடையது. பெரிய தகரக் கூரை. நீலம் வெளுத்துப்போன ஓடுகள். அங்கே காலையில் சொல்லிக்கொடுப்பவரைப் பிள்ளைகள் ஃபிளாஸ்க் மாஸ்டர் என்பார்கள். அவர் தேநீர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தோ ஸ்வெட்டரைக் கழற்றியோ யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் வருபவர் விசில் மாஸ்டர். அவர் பேச்சில் பாதி வார்த்தை, பாதி விசில்.

இரண்டு மாஸ்டர்களுக்கும் ஒத்துப்போகாது. காலைப் பிள்ளைகளைவிடச் சாயங்காலப் பிள்ளைகள் எப்போதும் வேகமாக நீந்தினார்கள். அதுதான் சண்டைக்குக் காரணம்.

"உங்க பசங்க தூங்கிக்கிட்டே நீந்துறாங்க. நீங்க தூங்கிக்கிட்டே பார்க்கிறீங்க" என்பார் விசில் மாஸ்டர்.

"என் பசங்க ஒழுங்காத்தான் நீந்துறாங்க. உங்க கட்டைவிரல்தான் கடிகாரத்தை அவசரமா அமுக்குது" என்பார் ஃபிளாஸ்க் மாஸ்டர்.

இந்தச் சண்டை எத்தனையோ வருடமாக நடந்தது. இருவரும் தங்கள் கடிகாரங்களை ஒருநாள்கூடச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

அந்த வருடம் நகரங்களுக்கு இடையிலான தொடர் நீச்சல் போட்டிக்கு நான்கு பெண் பிள்ளைகள் வேண்டும். ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. அத்தோடு இன்னொரு செய்தியும் டிக்கெட் ஜன்னலில் ஒட்டப்பட்டிருந்தது. ஓடுகளை மாற்றுவதற்காகக் குளத்தை ஆறு மாதம் மூடப்போகிறார்கள். அணியில் இருப்பவர்களுக்கு மட்டும் நகரத்தின் மறுகோடியில் உள்ள குளத்தில் பயிற்சி தொடரும். மற்றவர்களுக்குத் தண்ணீர் கிடையாது.

முதல் மூன்று இடங்கள் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று அக்காக்களும் எந்த நேரத்தில் குதித்தாலும் முன்னால்தான் வருவார்கள். மிச்சம் இருந்தது நாலாவது இடம்.

காலைப் பிள்ளைகளுக்குக் காலையில் தேர்வு நடந்தது. சாயங்காலப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம். மறுநாள் ஜன்னலில் பட்டியல் தொங்கியது. நாலாவது பெயர் பிந்தியுடையது. ஐந்தாவது பெயர் முந்தியுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை.

அப்பா பேருந்து ஓட்டுபவர். அன்று வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிப்போ முழுக்கச் சொல்லிட்டேன். நம்ம பிந்தி அணியில இருக்கான்னு. கண்டக்டர் கேக்கிறாரு, உங்க வீட்டுல ரெண்டு இருக்குமே, இன்னொண்ணு என்னாச்சுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று முந்தி கேட்டாள்.

அப்பா செருப்பைக் கழற்றக் குனிந்தார். அம்மா குறுக்கே வந்தார். "இவளுக்குப் படிப்பு வரும், அவளுக்குத் தண்ணி வரும். ஆளுக்கு ஒண்ணுன்னு இருக்கட்டுமே."

முந்தி எழுந்தாள். உள்ளே போய்ப் பையைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்து வந்து பிந்தியின் மடியில் போட்டாள்.

"நீயே வச்சுக்கோ. இனிமே ஒருத்திக்குத்தானே வேணும்."

பிந்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிந்திப் பிறந்தவள், எல்லாவற்றிலும் பிந்தியே வந்தவள், இதில் முந்திவிட்டாள். அன்று இரவு கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அடுத்த வாரம் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி உடைந்துபோனதால் இரண்டு நேரத்துக்கும் விடுமுறை விட்டார்கள். குளம் மூட இன்னும் சில நாட்கள் இருந்தன.

"காலையில உன்கூட நானும் வரேன்" என்றாள் பிந்தி.

"எதுக்கு? எப்படி நீந்தணும்னு காட்டவா?"

"சும்மாதான். போரடிக்குது."

விடியற்காலையில் குளம் வேறு மாதிரி இருந்தது. விளக்குகள் பாதிதான் எரிந்தன. ஃபிளாஸ்க் மாஸ்டர் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டே பிந்தியைப் பார்த்தார்.

"ஒரே பிள்ளை ரெண்டா தெரியுது. நான் இன்னும் முழிக்கலையா?"

"இது என் தங்கச்சி, மாஸ்டர். நாலாவது இடம்" என்றாள் முந்தி. நாலாவது இடம் என்பதைக் கசப்பு மருந்தை விழுங்குவதுபோலச் சொன்னாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் குதித்தார்கள். பிந்தி வழக்கம்போலக் கையை வீசினாள். கை வந்தது, ஆனால் யாரிடமோ கடன் வாங்கிய கைபோல வந்தது. கால்கள் உதைத்தன, ஆனால் சொல்லி ஒரு கணம் கழித்துத்தான் உதைத்தன. அவள் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது முந்தி ஏற்கெனவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ரொம்பக் குளிருது" என்றாள் பிந்தி.

ஃபிளாஸ்க் மாஸ்டர் ஓரத்தில் மிதந்த வெப்பமானியை எடுத்துக் காட்டினார். "காலையும் சாயங்காலமும் தண்ணி ஒரே சூடுதான். கூரைக் குளம். வேற சாக்குச் சொல்லு."

மறுநாளும் போனாள். நன்றாகத் தூங்கி எழுந்துதான் போனாள். அன்றைக்கும் அதே கடன் கைகள். அன்றைக்கும் முந்திதான் முன்னால்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரமாகச் சுருண்டு படுத்துவிட்டாள். அம்மா மருத்துவமனையில் செவிலி. மகள் பகலில் படுத்தால் உடனே வாயில் வெப்பமானியைச் செருகிவிடுவார்.

"காய்ச்சல் இல்ல. இன்னும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு."

"குறைவா இருந்தா சீக்கா அம்மா?"

"இல்லடி. காலையில எல்லாருக்கும் உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். சாயங்காலம் ஏறும். எங்க வார்டுல தினமும் பார்க்கிறதுதானே. உடம்பு முழிக்கிறதுக்கும் நேரம் ஆகும். நீ முழிச்சாப் போதுமா?"

அம்மா வெப்பமானியை உதறிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார். பிந்தி படுத்தபடியே கிடந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது: முந்தி தேர்வில் நீந்தியது உடம்பு முழிக்காத காலையில். விளங்கியது பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் முந்தியைக் கூப்பிட்டாள். "அக்கா, என்கூடச் சாயங்காலம் ஒரு தடவை வாயேன்."

பிந்திக்கு ஏதாவது வேண்டும் என்றால்தான் முந்தி அக்கா ஆவாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். வாயேன்."

சாயங்காலக் குளத்தில் முந்தி அதற்குமுன் இறங்கியதே இல்லை. குதித்தாள். பிந்தியும் குதித்தாள். பிந்தியின் கைகள் அவளுடையவையாகத் திரும்பி வந்திருந்தன. சூடாக, சொன்ன பேச்சைக் கேட்பவையாக. அவள் உயிரைக் கொடுத்து நீந்தினாள். திரும்பும் சுவரில் இருவரும் சமம். கடைசியில் முந்தியின் விரல்கள்தான் முதலில் சுவரைத் தொட்டன.

முந்தி மூச்சு வாங்கியபடி சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"இந்தத் தண்ணில ஏதாவது கலந்திருக்காங்களா? எனக்கு இப்படி வந்ததே இல்லையே."

பிந்தி கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் முந்தி அவள் கண்ணைப் பார்த்துவிடுவாள்.

இரண்டு நாள் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது. பட்டியல் ஜன்னலில் இருக்கிறது. அப்பா டிப்போவில் சொல்லிவிட்டார். முந்திக்கு எதுவும் தெரியாது. அன்று ஜெயித்தது ஏதோ ஒருநாள் அதிர்ஷ்டம், தனக்குத் தண்ணீர் வராது என்றே அவள் நம்பிவிட்டாள். பழைய நீச்சலுடையை அம்மாவிடம் கொடுத்து, "இதைத் துடைக்கிற துணி ஆக்கிக்கோங்க" என்றுகூடச் சொன்னாள்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். பிந்தி எழுந்து அந்த உடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு வேணும்."

"உனக்குத்தான் இருக்கே."

"இன்னொண்ணும் வேணும்."

அன்று சாயங்காலம் அவள் விசில் மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்கவில்லை.

"உங்க அக்கா அன்னிக்கு ஏதோ நல்லா நீந்திட்டா. காலை கோஷ்டி மெதுவாத்தான் போகும். ஃபிளாஸ்க் பழக்கிவிட்டது அப்படி."

பிந்தி யோசித்தாள். நியாயம் பேசினால் இவர் கேட்க மாட்டார். சண்டை என்றால் வருவார்.

"அந்த மாஸ்டர் உங்க கட்டைவிரலைப் பத்தி ரொம்பப் பேசறாரு, மாஸ்டர்."

விசில் வாயிலிருந்து விழுந்தது. "என்ன பேசறான்?"

"தப்பா அமுக்குறீங்களாம். நீங்க அவரோட வந்து நின்னு பாருங்களேன். ரெண்டு கடிகாரம், ரெண்டு பேரும். சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில ஒரு தடவை. எல்லாப் பிள்ளைங்களும் ரெண்டு தடவையும் நீந்தட்டும். யாரு கட்டைவிரல் சரின்னு தெரிஞ்சுடும்."

மறுநாள் விடியற்காலையில் ஃபிளாஸ்க் மாஸ்டரிடமும் போய், விசில் மாஸ்டர் அவரைத் தூங்குமூஞ்சி என்று சொன்னதாகச் சொன்னாள். அது பொய்யும் இல்லை. இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் மண்ணைக் கவ்வ வைக்கக் கிடைத்த வாய்ப்பை யார் விடுவார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் நீந்தினார்கள். ஞாயிறு விடியற்காலையில், இரவெல்லாம் ஓய்வெடுத்துவிட்டு, அதே பிள்ளைகள் அதே தடங்களில் நீந்தினார்கள். கரையில் இரண்டு மாஸ்டர்களும் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் விரலையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு கடிகாரங்களும் ஒன்றையே சொல்லின. எல்லாப் பிள்ளைகளும் காலையில் மெதுவாகத்தான் நீந்தியிருந்தார்கள். காலையிலேயே பழகியவர்களுக்கு வித்தியாசம் குறைவு, சாயங்காலப் பிள்ளைகளுக்கு அதிகம், அவ்வளவுதான். முதல் மூன்று அக்காக்கள் இரண்டு நேரமும் முதலில் வந்தார்கள். நாலாவதாக முந்தி வந்தாள், இரண்டு நேரமும்.

ஃபிளாஸ்க் மாஸ்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. காலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் வேகம் போதாது என்று நின்றுபோனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

விசில் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாருக்கும் ஒரே நேரத்துல தேர்வு வச்சிடலாம்."

"இந்த வருஷம்?" என்றாள் பிந்தி.

"இந்த வருஷப் பட்டியல் போயாச்சும்மா. நாங்க பேரை மாத்த முடியாது. யாராவது வரலைன்னு சொன்னா அடுத்த பேரை எடுத்துப்பாங்க. அது மட்டும்தான் வழி." அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்னை விலகுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம்."

இரண்டு பெரியவர்கள், இரண்டு கடிகாரங்கள். முடிவு மட்டும் பதினொரு வயதுப் பெண்ணின் கையில் வந்து விழுந்தது.

பிந்தி தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அவளுக்கு அந்த நாலாவது இடம் வேண்டும். நிரம்ப வேண்டும். அதை வேண்டாம் என்று நினைக்க யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வரலை, மாஸ்டர்" என்றாள். "எழுதிக்கோங்க."

உடை மாற்றும் அறையில் முந்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல அல்ல.

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"இல்ல."

"பின்ன என்ன? பாவம் பார்த்தியா?"

"பாவம் பார்த்திருந்தா ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனா?" என்றாள் பிந்தி. "எனக்கு முன்னாடியே தெரியும். நீ சாயங்காலம் வந்து ஜெயிச்ச அன்னிக்கே தெரியும். சொல்லலை. நீ தோத்தவளாவே இருந்துடட்டும்னு விட்டேன்."

முந்தி துண்டைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் தீர்ந்தபிறகும் பிழிந்தாள்.

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"நானா இருந்தா ஆறு மாசமும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் முந்தி. இருவரும் பையை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் நடுவே இன்னொரு ஆள் நடக்கும் அளவு இடைவெளி இருந்தது.

அப்பாவிடம் பிந்திதான் சொன்னாள். அவர் வெகுநேரம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டிப்போல நான் சொல்லிக்கிறேன்" என்றார். அம்மா அவள் தலையில் கை வைத்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கே. ஆனா உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

குளத்தை மூடினார்கள். தண்ணீரை வடித்தபிறகு அது ஒரு பெரிய வெறும் அறைபோலக் கிடந்தது. அணியின் பயிற்சி மறுகோடிக் குளத்தில், விடியற்காலையில். முந்தி இருட்டிலேயே எழுந்து, அப்பா ஓட்டும் முதல் பேருந்தில் போனாள். கதவு சாத்தும் ஓசையைக் கேட்டபடி பிந்தி போர்வைக்குள் விழித்திருப்பாள்.

அணிப் பிள்ளைகளுக்குப் புதிய நீச்சல் கண்ணாடி கொடுத்தார்கள். கறுப்புப் பட்டை, கீறல் இல்லாத நீல வில்லைகள். முதல் நாள் மத்தியானம் பிந்தி பள்ளியைவிட்டு வெளியே வந்தபோது முந்தி வாசலில் நின்றாள். புதுக் கண்ணாடியை நீட்டினாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தண்ணியே இல்லையே."

"தெரியும்."

"பின்ன?"

முந்தி தன் செருப்பைப் பார்த்தாள். "மத்தியானம் ஆனா கை தானா நீளுது. என்ன பண்ண? வாங்கிக்கோ. ராத்திரி திருப்பிக் கொடு."

"ஆவி படியுதா?"

"இல்ல. துடைச்சுட்டேன்."

பிந்தி வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரம் வந்தது. அவளுடைய கைகளுக்குக் குளம் மூடிய செய்தி யாரும் சொல்லவில்லைபோலும். அவை சூடாக, தயாராக, எதையோ எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தன. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரு முழுவதும் நீலமாகத் தெரிந்தது. பட்டையை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வீட்டுக்குள்ள தண்ணி வரப்போகுதா?"

"வரும்ப்பா" என்றாள் பிந்தி, கண்ணாடியைக் கழற்றாமல். "ஆறு மாசம் ஆகும்."

அப்பா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.